காரைக்கால் கடல்வழி – 17: தீவில் பிறந்த வானோடி

1888 அக்டோபர் 6 அன்று ரீயூனியன் தீவின் தலைநகரான சேன் தெனியில் ஒரு வழக்கறிஞர் வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. ரோலான் கரோஸ் என்று பெயர் வைத்தார்கள். இந்தியக் கூலிகள் அந்தத் தீவுக்குப் போவதை ஆங்கில அரசு நிறுத்தி அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கு முந்தைய காலத்தில் தஞ்சைச் சீமையின் கிராமங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் கால்நடையாகவே காரைக்காலுக்குக் கொண்டுவரப்பட்டதையும், முகத்துவாரத்தில் சலங்குப் படகேறிக் கடலில் நங்கூரமிட்டு நின்ற கப்பலுக்குப் போனதையும் சென்ற இரண்டு இதழ்களில் விரிவாகவே பார்த்தோம். அவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. திரும்பாதவர்கள் வேர்விட்ட மண்ணில்தான் இந்தக் கரோஸ் பிறந்தார்.

வானில் பறந்த ஒரு வெள்ளைக்காரரின் கதை காரைக்கால் வரலாற்றுத் தொடருக்குள் எப்படி வந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அவருடைய பிள்ளைப் பருவம் இரண்டு ஊர்களில் கழிந்தது. இரண்டும் காரைக்கால்காரர்கள் உழைத்த ஊர்கள். அதுதான் காரணம்.

முதல் ஊர் சேன் தெனி. 1848 டிசம்பரில் ரீயூனியனில் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லாமல் போயிற்று. தோட்ட முதலாளிகள் இந்தியா பக்கம் திரும்பினார்கள். 1861-இல் இங்கிலாந்தும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளிலிருந்தும் ஆள் எடுக்கலாம் என்றானது. அந்த ஆட்களை ஏற்றி அனுப்பிய துறைமுகங்களில் காரைக்காலும் ஒன்று. ஐந்தாண்டு ஒப்பந்தம், தீவில் இறங்கியதும் பதிவேட்டில் ஒரு எண், பிறகு கரும்புக் கொல்லை, ஆலை. அப்படிப் போனவர்களின் வழித்தோன்றல்களை அந்தத் தீவில் இன்றும் மலபார்கள் என்றே சொல்கிறார்கள். மாரியம்மனுக்குத் தீ மிதிக்கும் வழக்கம் அங்கே இன்றளவும் விடாமல் நடக்கிறது. கரோஸ் பிறந்த நாளில் அந்தத் தீவின் சர்க்கரை பெருமளவு தமிழர் கையால் வந்த சர்க்கரை. தீவின் வக்கீல்களும் வணிகர்களும் அதிகாரிகளும் வாழ்ந்த வாழ்வு அந்தச் சர்க்கரையின்மேல் நின்றது.

இரண்டாவது ஊர் சைகோன். குழந்தைக்கு நான்கு வயதானபோது குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது. தந்தை ஜார்ஜ் கரோஸ் அங்கே வக்கீல் தொழிலைத் தொடர்ந்தார். 1890-களின் சைகோனில் தமிழ்க் குரல் கேட்காத தெரு குறைவு. 1881 செப்டம்பரில் பிரெஞ்சு அரசு பிறப்பித்த ஆணை ஒன்று நம் ஊர்க் குடும்பங்கள் பலவற்றின் போக்கையே மாற்றியது. இந்து, முஸ்லிம் தனிச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்பவர்கள் ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டு பதிவு செய்யலாம் என்றது அந்த ஆணை. அவ்வாறு துறந்தவர்கள் பலர் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேறிச் சைகோனில் எழுத்தர்களாக, போலீஸ்காரர்களாக, சுங்கச்சாவடி ஊழியர்களாக அமர்ந்தார்கள். காரைக்கால் முஸ்லிம்கள் துணிக் கடை வைத்தார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்தினார்கள். பால் கறந்து விற்றவர்களும் தமிழரே. பிரெஞ்சுச் சைகோன் ஒரு நாள் தடையில்லாமல் நடக்க வேண்டுமென்றால் இத்தனை பேரின் வேலையும் வேண்டியிருந்தது.

கரோஸ் இவர்களைப் பற்றி என்ன நினைத்தார் என்று ஊகித்து எழுத நான் விரும்பவில்லை. ஆனால், பிரெஞ்சு வரலாற்று நூல்கள் இவரைத் தீவின் மைந்தன் என்றும் பிரான்சின் வீரன் என்றும் சொல்லும்போது, அந்தத் தீவையும் அந்தத் துறைமுக நகரத்தையும் தாங்கிய கைகளைச் சொல்லாமல் விடுகின்றன. அந்த இடத்தைக் காரைக்காலில் இருந்து எழுதுகிறவன் நிரப்பியாக வேண்டும்.

பன்னிரண்டு வயதுகூட நிரம்பாத பையனைப் படிப்புக்காக 1900-இல் பிரான்சுக்குக் கப்பலேற்றினார்கள். அக்காலத்துப் பிரெஞ்சு அஞ்சல் கப்பல்கள் சைகோனிலிருந்து சிங்கப்பூர், கொழும்பு, ஏடன், சூயஸ் வழியாக மார்செய் போகும். சைகோனில் வேலை பார்த்த நம் ஊர்க்காரர்கள் விடுமுறைக்கு வருவதும் இந்தக் கப்பல்களில்தான். கொழும்பில் இறங்கிப் புதுச்சேரிக்குக் கிளைக் கப்பல் பிடிப்பார்கள்.

பாரிசின் குளிர் அவன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நிமோனியா வந்து படுத்தான். தெற்கே கான் நகரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மிதிவண்டி மிதித்தே நெஞ்சைத் தேற்றிக்கொண்டான். எவ்வளவு தேற்றிக்கொண்டான் என்றால், 1906-இல் பள்ளி மாணவர்களுக்கான பிரான்சு மிதிவண்டிப் போட்டியில் முதலிடம் வந்தான். வீட்டாருக்குத் தெரியாமலிருக்கத் தன் பெயரின் எழுத்துகளையே மாற்றிப்போட்டு ‘தான்லோர்’ என்ற பெயரில் ஓட்டினான். கால்பந்து, ரக்பி, டென்னிஸ் எல்லாம் ஆடினான். பியானோ வாசித்தான். வக்கீலாகச் சொன்ன தந்தையின் பேச்சைத் தட்டி, பாரிசின் பெயர்பெற்ற உயர் வணிகக் கல்லூரியில் படித்துத் தேறினான். மோட்டார் கார் விற்கும் கடை ஒன்றும் தொடங்கினான். இந்த வணிகப் படிப்பைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. பின்னால் அவர் செய்த ஒவ்வொரு துணிகரத்துக்கும் அடியில் எவ்வளவு எரிபொருள், எத்தனை கிலோ எடை, எத்தனை மணி நேரம் என்ற ஒரு கணக்கு இருக்கும்.

1909 ஆகஸ்டு கடைசி வாரம் ரான்ஸ் நகரத்தில் உலகின் முதல் பெரிய விமானத் திருவிழா நடந்தது. பிரெஞ்சு விமானி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கூட்டத்தோடு கூட்டமாகக் கரோசும் பார்த்தார். அன்றோடு கார் வியாபாரத்திலிருந்து மனம் விலகியது. சாண்டோஸ் துமோன் வடிவமைத்த ‘தெமுவாசெல்’ என்ற குட்டி விமானத்தை வாங்கினார். அது மூங்கிலும் துணியும் கம்பியும் சேர்ந்த ஒரு பொருள். விமானி அதன் வயிற்றுக்கடியில், தரையை ஒட்டி, இறக்கைக்குக் கீழே உட்கார வேண்டும். கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. ஓடவிட்டு, தாவவிட்டு, விழுந்து, ஒட்டுப்போட்டுத் தானே கற்றுக்கொண்டார். 1910 ஜூலை 19 அன்று 147-ஆம் எண் விமானி உரிமம் கிடைத்தது. அப்போது வயது இருபத்தொன்று.

அதே 1910-இல் நம் பக்கத்தில் நடந்ததையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மார்ச்சு மாதத்தில் சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய தாஞ்சேலிஸ் என்பவர், தானே வரைந்த திட்டப்படி சிம்ப்சன் நிறுவனத்தில் ஒரு விமானத்தைக் கட்டுவித்தார். பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தீவுத்திடலில் மக்கள் முன் பறந்து காட்டினார். வண்டி கட்டும் பட்டறையில் சென்னைத் தொழிலாளிகள் சேர்த்துக் கட்டிய விமானம் அது. அவர்களின் பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை. டிசம்பர் 10 அன்று சைகோனில் வான் தென் போர்ன் என்ற பெல்ஜியக்காரர் பறந்தார். 1912 டிசம்பரில் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து மார்க் பூர்ப், வெர்மாங்க் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் எழும்பினார்கள். சென்னை, கொழும்பு, சைகோன் மூன்றும் காரைக்கால்காரர்கள் பிழைக்கப் போன ஊர்கள். தொண்டை நாட்டிலும் ஈழத்திலும் கீழைக்கடலிலும் விமானத்தை முதலில் அண்ணாந்து பார்த்த கூட்டங்களில் நம்மவர்கள் இருந்திருப்பார்கள் என்று கொள்வதில் பிழை இல்லை.

கரோசிடம் வருவோம். 1910 இறுதியில் மோய்சான்ட் என்ற அமெரிக்கர் நடத்திய பறக்கும் குழுவில் சேர்ந்து அமெரிக்கா, மெக்சிகோ, கியூபா என்று ஊர் ஊராகப் பறந்து காட்டினார். டிசம்பர் 31 அன்று நியூ ஆர்லியன்சில் விமானம் கவிழ்ந்து மோய்சான்ட் செத்துப்போனார். அந்த நாட்களில் இடுப்பில் கட்டும் வார்கூடப் பலரிடம் இல்லை. பாராசூட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. கரோஸ் பறப்பதை விடவில்லை.

1911-இல் பாரிசிலிருந்து ரோமுக்கு நடந்த பந்தயத்தில் இரண்டாமிடம். ஐரோப்பியச் சுற்றுப் பந்தயத்திலும் இரண்டாமிடம். இரண்டிலும் முதலில் வந்தவர் பொமோன் என்ற பெயரில் பறந்த கடற்படை அதிகாரி. ‘என்றும் இரண்டாமவர்’ என்று பத்திரிகைகள் எழுதின. அந்தப் பட்டத்தை அவர் 1912 ஜூனில் ஆஞ்சே நகரத்தில் உதறினார். புயல் காற்றும் மழையுமாக இருந்த நாளில், கிளம்பவே பலர் தயங்கியபோது பறந்து வென்றார். உயரத்திலும் அப்படியே. 1911 செப்டம்பரில் 3,910 மீட்டர், மறு ஆண்டு செப்டம்பரில் 4,960, டிசம்பரில் டூனிஸ் நகரத்தின் மேல் 5,600 மீட்டருக்கும் கூடுதல். மூடாத இருக்கையில், பனிக்காற்று முகத்தில் அறைய உட்கார்ந்து ஏறிய உயரங்கள் இவை. அந்த டிசம்பரிலேயே டூனிசிலிருந்து கடலைத் தாண்டிச் சிசிலியில் இறங்கி, ரோம் வரை பறந்தார். மத்தியதரைக் கடலை ஒரே மூச்சில் கடக்க முடியும் என்ற எண்ணம் இந்தப் பயணத்தில் உறுதியாகியிருக்க வேண்டும்.

1913 செப்டம்பர் 23 அவர் வாழ்வின் பெரிய நாள். விமான வரலாற்றுக்கும் அப்படித்தான். காலை 5 மணி 47 நிமிடம். தென்பிரான்சின் ஃபிரேஜுஸ் கடற்படைத் தளத்திலிருந்து ஒற்றை இறக்கை மொரான்-சோல்னியே விமானத்தில் கிளம்பினார். விமானத்துக்குக் கீழே இருந்தவை சக்கரங்கள்தான். நீரில் இறங்கினால் தாங்கும் மிதவை கிடையாது. 200 லிட்டர் பெட்ரோல் நிரப்பியிருந்தார். போக வேண்டிய இடம் ஆப்பிரிக்கக் கரையில், டூனிசியாவின் பிசெர்த். தூரம் ஏறத்தாழ 780 கிலோமீட்டர். காரைக்காலிலிருந்து வடக்கே நேர்கோடு போட்டால் ஐதராபாத்தையும் தாண்டிவிடும். இதில் பெரும்பகுதி கடல்.

அந்த விமானத்தின் எஞ்சின் ‘நோம்’ வகை. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். இன்றைய எஞ்சின்களில் உருளைகள் நிலையாக நிற்க, தண்டு சுழலும். நோமில் தண்டு நிலையாக நிற்கும். உருளைகள் அனைத்தும் விசிறியோடு சேர்ந்து சுழலும். சுழற்சியில் தானே குளிர்ந்துகொள்ளும் என்பதால் தண்ணீர்த் தொட்டி வேண்டாம், எடை மிச்சம். ஆனால் பெட்ரோலில் கரையாத எண்ணெய் வேண்டும். அதற்குப் பயன்பட்டது ஆமணக்கெண்ணெய். எஞ்சின் அதைச் சுற்றவிட்டுச் சேமிக்காது, எரித்தும் எரிக்காமலும் வெளியே கக்கிக்கொண்டே இருக்கும். விமானியின் முகம், கண்ணாடி, உடை எல்லாம் விளக்கெண்ணெய்ப் பிசுக்கு. அன்றைய உலகச் சந்தைக்கு ஆமணக்கு விதை பெருமளவில் போனது இந்தியாவிலிருந்து. ஐரோப்பாவின் முதல் விமானங்கள் நம் நாட்டுக் கொல்லை வரப்புகளில் விளைந்த எண்ணெயில் ஓடின என்பது விமான வரலாற்று நூல்களில் ஓரத்தில்கூட வருவதில்லை.

கிளம்பிச் சில மணி நேரத்தில், கார்சிகா தீவை நெருங்கும்போது எஞ்சினில் உலோகம் உடைந்த ஓசை. ஏதோ ஒரு துண்டு பிய்ந்து உறையைக் குத்தியிருந்தது. கீழே இறங்கிவிடலாம், கார்சிகா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எஞ்சின் தடுமாறினாலும் நிற்கவில்லை. இறங்கினால் பயணம் முறிந்தது என்று பொருள். தொடர்ந்தார். சார்டீனியாவின் அருகே மீண்டும் கோளாறு. அங்கும் இறங்கவில்லை. சார்டீனியாவின் தென்முனையைத் தாண்டினால் ஆப்பிரிக்கா வரை திறந்த கடல். இறங்குவதா, போவதா என்று முடிவு செய்ய வேண்டிய கடைசி இடம் அதுதான். மீதி பெட்ரோலையும் தூரத்தையும் காற்றையும் மனத்தில் கூட்டிக் கழித்தார். முகத்தைத் தெற்கே திருப்பினார்.

பிற்பகல் 1 மணி 40 நிமிடத்தில் பிசெர்த்தில் சக்கரம் தரையைத் தொட்டது. மொத்தம் 7 மணி 53 நிமிடம். தொட்டியில் மிச்சமிருந்த பெட்ரோல் 5 லிட்டர். இன்னும் சில நிமிடம் காற்று எதிர்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. கணக்குத் தெரியாதவனின் துணிச்சலாகச் சிலர் இதைச் சொல்வார்கள். என் கருத்து வேறு. கணக்கின் விளிம்பு எது என்று அறிந்து, அந்த விளிம்பு வரை போகும் நெஞ்சுரம் அவரிடம் இருந்தது. அதற்கு முன் அவர் பறந்த மூன்றரை ஆண்டுகளும் அந்த விளிம்பை அளந்த ஆண்டுகள்.

பிரான்சு கொண்டாடியது. கவிஞர் ழான் கோக்தோ அவரோடு விமானத்தில் ஏறிப் பறந்தார்; பின்னால் 1919-இல் வந்த தன் கவிதை நூலை அவருக்கே காணிக்கையாக்கினார். கார் தயாரிப்பாளர் எத்தோரே புகாட்டி தன் மகனுக்கு ரோலான் என்று பெயர் வைத்தார்.

மறு ஆண்டு போர் வந்தது.

1914 ஆகஸ்டில் கரோஸ் தாமாகவே முன்வந்து படையில் சேர்ந்தார். செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையைத் தாக்கி எண்ணெய்த் தொட்டிகளை எரித்தபோது நம் கடற்கரை முழுவதும் நடுங்கியது. அதே நேரத்தில் வடபிரான்சில் விமானங்கள் வேவு பார்த்துக்கொண்டிருந்தன. அப்போது விமானத்துக்கு விமானம் சண்டை என்பது கையில் துப்பாக்கியை வைத்துப் பக்கவாட்டில் சுடுவதுதான். நேர் முன்னே சுட முடிந்தால் விமானத்தையே குறிவைத்துத் திருப்பலாம். ஆனால் முன்னே விசிறி சுழல்கிறது. சுட்டால் தன் விசிறியைத் தானே உடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

விமானம் கட்டிய ரேமோன் சோல்னியே இதற்கு ஒரு வழி தேடினார். விசிறி விலகும் நொடியில் மட்டும் சுடும் பொறியைச் செய்து பார்த்தார். தோட்டாக்கள் சீராக வெடிக்காததால் அது சரிப்படவில்லை. பிறகு எளிய வழி ஒன்றுக்கு வந்தார். விசிறியின் இரண்டு அலகுகளிலும் தோட்டா படும் இடத்தில் எஃகு ஆப்பு பொருத்துவது. பெரும்பாலான தோட்டாக்கள் இடைவெளியில் போய்விடும். படுகிற சில தோட்டாக்கள் ஆப்பில் சறுக்கி ஓரமாய்த் தெறிக்கும். கரோசும் அவருடைய மெக்கானிக் ஜூல் யூவும் அந்த ஆப்பின் வடிவத்தைத் திருத்தி, விசிறியைச் செதுக்கி, பயன்படும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். 1915 ஏப்ரல் 1 அன்று அந்தத் துப்பாக்கியோடு ஒரு ஜெர்மன் விமானத்தை வீழ்த்தினார். அந்த மாதம் பதினெட்டாம் தேதிக்குள் மூன்று.

கடலைக் கடந்த மனிதரைப் போற்றுகிற அதே பேனாவால் இதையும் போற்ற எனக்கு மனம் வரவில்லை. வானத்தைப் போர்க்களமாக்கிய கைகளில் அவருடைய கையும் உண்டு. தன் நாட்டின் மண்ணில் எதிரி நின்ற நேரத்தில் செய்தார் என்பது உண்மை. விமானத்தையே ஆயுதமாக்கும் பாதை அந்த ஏப்ரலில் திறந்தது என்பதும் உண்மை.

ஏப்ரல் 18 மாலை பெல்ஜியத்தில் ஒரு ரயிலைத் தாக்க இறங்கியபோது எஞ்சின் நின்றது. பகைவர் பகுதியில் இறங்க வேண்டியதாயிற்று. விமானத்துக்குத் தீ வைத்தார். ஈரத்தில் அது சரியாகப் பற்றவில்லை. பள்ளத்தில் பதுங்கியிருந்தவரைப் பிடித்துவிட்டார்கள். விசிறியும் ஆப்பும் ஜெர்மானியர் கையில் சிக்கின. அவர்களுக்கு விமானம் கட்டிக் கொடுத்த ஹாலந்துக்காரர் அந்தோனி ஃபொக்கர், விசிறியோடு ஒத்திசைந்து சுடும் பொறியைச் சில வாரங்களில் பொருத்தித் தந்தார். அந்தக் கோடையில் தொடங்கி நேச நாட்டு விமானிகள் பலர் மடிந்தார்கள். எரியாமல் போன அந்த விமானத்தின் நினைவு கரோசைச் சிறையில் எப்படி வாட்டியிருக்கும் என்று யோசித்தால் நெஞ்சு கனக்கிறது.

கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் முகாம் மாற்றி முகாம் வைத்தார்கள். தப்ப முயன்றுகொண்டே இருந்தார். கண்பார்வை மங்கியது. கடைசியில் மாக்டபர்க் முகாமில் அன்செல்ம் மார்ஷால் என்ற விமானி துணை கிடைத்தார். 1916-இல் பிரான்சிலிருந்து கிளம்பிப் பெர்லின் மீது துண்டறிக்கை வீசிவிட்டு ரஷ்யா வரை போக முயன்று பிடிபட்டவர் இந்த மார்ஷால். ஜெர்மன் மொழியைச் சரளமாகப் பேசுவார். 1918 பிப்ரவரியில் இருவரும் ஜெர்மன் அதிகாரிகளின் உடுப்பைப் போலத் தைத்துப் போட்டுக்கொண்டு, இருட்டும் வேளையில் காவலர்களை அதட்டியபடியே வாயிலைத் தாண்டினார்கள். ஹாலந்து எல்லையைக் கடந்து இங்கிலாந்து வழியாகப் பாரிஸ் சேர்ந்தார்கள்.

பிரதமர் கிளமான்சோ அவரைப் போர்முனைக்கு அனுப்ப விரும்பவில்லை. ஆலோசகராக இருங்கள் என்றார். கரோஸ் கேட்கவில்லை. அவர் இல்லாத மூன்று ஆண்டுகளில் விமானமே வேறாகியிருந்தது. வேகம் இரட்டிப்பு, சண்டை முறையும் புதிது. புதிய விமானிகளோடு பயிற்சிக்கு உட்கார்ந்தார். பார்வைக் குறையை மறைத்து, மூக்குக்கண்ணாடியோடு பறந்தார். 1918 அக்டோபர் 2 அன்று ஒரு விமானத்தை வீழ்த்தினார். அக்டோபர் 5 அன்று ஆர்தேன் பகுதியில் வூசியே ஊரருகே அவர் விமானம் சுடப்பட்டு விழுந்தது. மறுநாள் அவருக்கு முப்பது வயது நிறைந்திருக்கும். ஐந்து வாரத்தில் போர் முடிந்தது. வூசியேயிலேயே அடக்கம் செய்தார்கள்.

அதே போரில் பிரெஞ்சு இந்தியாவிலிருந்தும் நூற்றுக்கணக்கானவர்கள் போய்ச் சண்டையிட்டார்கள். காரைக்கால் பிள்ளைகளும் அதில் உண்டு. ‘சொல்தா’ (படைவீரர்) குடும்பம் என்று இன்றும் நம் ஊரில் அடையாளம் சொல்லப்படும் வீடுகளின் வரலாறு அந்தப் போரிலும் அடுத்த போரிலும் தொடங்குகிறது. ஆங்கிலேயர் படையில் பறந்த வங்காளி இந்திரலால் ராய் 1918 ஜூலையில், பத்தொன்பது வயதில், பிரான்சின் வானில் மடிந்தார். நம் பள்ளிப் பாடப் புத்தகங்களில் அவருக்கும் இடமில்லை, நம் சொல்தாக்களுக்கும் இடமில்லை.

கரோசின் பெயர் நிலைத்ததற்குக் காரணம் ஒரு நண்பர். 1927-இல் டென்னிசின் டேவிஸ் கோப்பையை வென்ற பிரான்சு அடுத்த ஆண்டு அதைக் காத்து ஆடப் பாரிசில் புதிய அரங்கம் கட்டியது. அதற்குப் பொறுப்பாயிருந்த எமில் லெசியே, கரோசோடு வணிகக் கல்லூரியில் படித்தவர். என் தோழனின் பெயரை வைத்தால்தான் ஆயிற்று என்று நின்றார். இன்று ஆண்டுதோறும் மே, ஜூனில் உலகம் பார்க்கும் பிரெஞ்சு ஓபன் நடப்பது அந்த அரங்கத்தில்தான். டென்னிசில் அவர் பெரிய பெயர் எடுத்தவர் அல்லர் என்பதைப் பலர் அறிய மாட்டார்கள். சைகோனிலும் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஒரு தெரு அவர் பெயரைத் தாங்கியது. ரீயூனியன் தீவில் முதல் விமானம் இறங்கியது 1929-இல். ஆகவே பிறந்த தீவின் வானில் அவர் பறக்கவே இல்லை. அந்தத் தீவின் விமான நிலையத்துக்கு இன்று அவர் பெயர்தான். அங்கிருந்து சென்னைக்கு நேர் விமானம் இயங்கியிருக்கிறது. பதிவேட்டில் எண்ணாக மட்டும் எழுதப்பட்டவர்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள் அந்த நிலையத்தில் விமானமேறித்தான் தஞ்சைப் பக்கத்துக் கோயில்களுக்கு வருகிறார்கள். மூதாதையின் ஊரைத் தேடுகிறார்கள்.

தேடி வருகிறவர்களுக்குக் காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது என்பதே இப்போது என்னை உறுத்துகிற கேள்வி. கரோசின் ஒரு பறத்தலை நிமிடக் கணக்கில் சொல்ல முடிகிறது. தொட்டியில் எத்தனை லிட்டர் மிஞ்சியது என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள். நம் கப்பல்களில் போனவர்களைப் பற்றிய தாள்களில் ஒரு பகுதி பிரான்சின் எக்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் கிடக்கிறது. மீதி நம் வீட்டுப் பரண்களில் இருக்கலாம். காரைக்கால், திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். சைகோனிலிருந்தோ ரீயூனியனிலிருந்தோ வந்த பழைய கடிதம், சம்பளச் சீட்டு, குடும்பப் பெயர்ப் பதிவு, பென்ஷன் புத்தகம், படைவீரர் பதக்கம் என எது உங்கள் வீட்டில் இருந்தாலும் எடைக்குப் போடாதீர்கள். ஒரு நகலாவது எடுத்து, தாத்தா பாட்டிக்கு நினைவிருக்கும் பெயர்களை அதன் பின்னால் எழுதி, பத்திரப்படுத்துங்கள். புதுச்சேரியில் உள்ள ஆவணக் காப்பகத்துக்கோ பிரெஞ்சு நிறுவன நூலகத்துக்கோ ஒரு படி கொடுங்கள். அடுத்த இதழில் சைகோனுக்குப் போன காரைக்கால் துணி வணிகர்களைப் பற்றி எழுதப்போகிறேன்.

(தொடரும்)